பார்க்கிங்கில் கார் இடித்தால்: தப்பு யார் மேல், செலவு யார் தலையில்

மால், கல்யாண மண்டபம், அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளம் போன்ற இடங்களில் கார்கள் நடை வேகத்தில்தான் இடித்துக்கொள்ளும். பம்பர் உரசும், கதவு நெளியும், அவ்வளவுதான். ஆனால் சண்டை பெரிதாகிவிடும். பின்னால் ஹாரன் அடிக்கிறார்களே என்று இருவரும் வண்டியை நகர்த்திவிடுவதே அதற்குப் பெரிய காரணம். நகர்த்திய பிறகு யார் எங்கே இருந்தார் என்பதற்கு வாய்ச்சொல்லைத் தவிர எதுவும் மிஞ்சாது.

அதனால் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, வண்டியை அப்படியே நிறுத்துங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108-க்கும் போலீசுக்கும் சொல்லுங்கள். அதை அங்கேயே பேசி முடிக்கக் கூடாது. வண்டிக்கு மட்டும்தான் சேதம் என்றால் போனை எடுங்கள். முதலில் தள்ளி நின்று இரண்டு கார்களும், தரையில் உள்ள கோடும் அம்புக்குறியும், தூணில் எழுதியிருக்கும் எண்ணும் தெரிகிற மாதிரி எடுங்கள். அடுத்து நான்கு மூலைகளிலிருந்தும் எடுங்கள். பிறகு முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா, உடைந்த துண்டு எங்கே கிடக்கிறது என்பதைப் படமெடுங்கள். டென்ட்டைக் கிட்டே போய் எடுப்பது கடைசியில் போதும். பலர் அதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அது தனியாக எதையும் நிரூபிக்காது. டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவை உடனே லாக் செய்யுங்கள். மெமரி கார்டு நிறைந்ததும் பழையது தானாக அழிந்துவிடும்.

தப்பு யாருடையது

பின்னால் எடுப்பவர், வழி காலியாக இருக்கிறது என்று தானே உறுதி செய்துகொண்டுதான் எடுக்க வேண்டும். செக்யூரிட்டி விசிலடித்து "வா, வா" என்றார் என்பது பதிலாகாது. ஸ்டீயரிங் பிடித்தவர்தான் பொறுப்பு. ஸ்லாட்டிலிருந்து வெளியே வருபவர், பாதையில் போய்க்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிட வேண்டும். எதிரெதிர் ஸ்லாட்டிலிருந்து இருவருமே ரிவர்ஸில் வந்து மோதினால் சரிபாதி என்று முடித்துக்கொள்வதே நியாயம். கதவைத் திறந்து பக்கத்து வண்டியில் இடித்தால் திறந்தவர் தப்பு. குழந்தை திறந்தாலும் பொறுப்பு பெரியவருக்குத்தான். ஒருவழி அம்புக்கு எதிராக வந்தவருக்கு, மற்றவர் ரிவர்ஸில் வந்திருந்தாலும், ஒரு பங்கு உண்டு.

பிரச்சினை வருவது இடைப்பட்ட கேஸ்களில். அங்கே அடி விழுந்த இடத்தைப் பாருங்கள். ரிவர்ஸில் வந்த காரின் பின்மூலை, பாதையில் போன காரின் கதவில் பட்டிருந்தால், அந்தக் கார் பாதி கடந்த பிறகுதான் இவர் எடுத்திருக்கிறார். மாறாக, ரிவர்ஸில் வந்தவர் முக்கால்வாசி வெளியே வந்துவிட்ட நிலையில் பாதையில் வந்தவரின் முன்பம்பர் இடித்திருந்தால், பார்த்து நிறுத்த அவருக்கு நேரம் இருந்திருக்கிறது. முழுப் பழியையும் ரிவர்ஸ்காரர் மேல் போட முடியாது.

கீறல் கோடுகளும் பேசும். கீறல் தொடங்கும் இடத்தை விட, முடியும் இடத்தில்தான் பெயின்ட் தூள் சேர்ந்திருக்கும். உங்கள் வண்டியில் அது முன்னிருந்து பின்னோக்கி ஓடியிருந்தால் நீங்கள் முன்னே நகர்ந்திருக்கிறீர்கள், அல்லது மற்றவர் உங்கள் பின்பக்கம் நோக்கிப் போயிருக்கிறார். சக்கர விளிம்பில் பட்டிருந்தால் இன்னும் தெளிவு: சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தில் கீறல் வளைந்து விழும், நின்ற சக்கரத்தில் நேராக விழும். "நான் நின்னுட்டுதான் இருந்தேன்" என்ற வாதம் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும் அல்லது விழும்.

சிசிடிவி பதிவை அன்றே கேளுங்கள். மால் நிர்வாகம் காப்பி தராமல் போகலாம். தேதி, நேரம், தூண் எண் போட்டு "அழிக்காமல் வையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். போலீஸ் கேட்கும்போது பதிவு இருக்க வேண்டும் அல்லவா?

பேச்சும் காகிதமும்

பெயர், போன், ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். சாவியையோ அசல் ஆர்.சி.யையோ பிடுங்கி வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. உங்களிடம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். "என் தப்புதான், எவ்வளவு ஆனாலும் தர்றேன்" என்றும் சொல்லாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் சம்மதமில்லாமல் பொறுப்பை ஏற்கவோ பணம் தருவதாக உறுதி சொல்லவோ கூடாது என்பது மோட்டார் பாலிசியிலேயே உள்ள நிபந்தனை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 134-இன்படி பிறர் சொத்துக்குச் சேதம் ஏற்படுத்திய ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வெறும் பம்பர் சேதத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடுவது அபூர்வம், தமிழ்நாட்டில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பதிந்ததற்கான போலீஸ் ரசீது) கிடைக்கும். தகராறு வரும்போல் தெரிந்தால் அதை வாங்கி வையுங்கள்.

க்ளெய்மா, கைக்காசா

எதிராளியின் தேர்ட் பார்ட்டி பாலிசி (பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கானது) தனியார் கார் என்றால் சாதாரணமாக 7.5 லட்சம் வரை சொத்துச் சேதத்தை ஏற்கும். ஆனால் அதைப் பெற மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போய் நிரூபிக்க வேண்டும். ஒரு பம்பருக்காக அது கட்டுப்படியாகாது. எனவே உங்கள் சொந்த பாலிசியில் க்ளெய்ம், அல்லது ரொக்க சமரசம். இதைக் கோபத்தில் முடிவு செய்யாமல் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லையென்றால் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் போகும். பம்பர் முழுக்க பிளாஸ்டிக். இதையெல்லாம் விடப் பெரியது நோ க்ளெய்ம் போனஸ், அதாவது க்ளெய்ம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. 50%-இல் இருப்பவர் ஒரு க்ளெய்ம் போட்டால் அது பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி 50-க்குத் திரும்பும். ஐந்து புதுப்பித்தலில் இழப்பு 50+30+25+15+5, அதாவது போனஸ் கழிக்காத ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் 125%. அந்தப் பிரீமியம் 12,000 என்றால் கிட்டத்தட்ட 15,000 ரூபாய். வண்டியின் மதிப்பு வருடாவருடம் குறைவதால் கொஞ்சம் கம்மியாகும். தப்பு எதிராளியுடையதே ஆனாலும், உங்கள் பாலிசியில் வாங்கினால் இந்த இழப்பு உங்களுக்குத்தான்.

ரொக்கம் என்றால் அங்கேயே தொகை பேசாதீர்கள். வெளியே ஒரு கோடுதான் தெரியும். உள்ளே கிளிப், சென்சார் பிராக்கெட், ஹெட்லைட் காது உடைந்திருக்கும். பம்பரைக் கழற்றிப் பார்த்து, பாகம், டிங்கரிங், பெயின்டிங் தனித்தனியாகப் போட்ட எஸ்டிமேட் வாங்குங்கள். பணத்தை யு.பி.ஐ.யில் வாங்குங்கள். தேதி, இடம், இரு வண்டி எண்கள், தொகை, "இதோடு இருவருக்கும் வேறு கோரிக்கை இல்லை" என்ற வரி, இரு கையெழுத்து, இவை ஒரே தாளில் இருக்கட்டும்.

வேலட் ஆள் (காரை வாங்கிப் பார்க் செய்து தரும் ஹோட்டல் ஊழியர்) ஓட்டும்போது இடித்தால் ஹோட்டலைக் கேளுங்கள். சீட்டில் "உரிமையாளர் பொறுப்பு" என்று அச்சடித்திருப்பதைக் காட்டுவார்கள். வேலட்டில் விட்ட கார் திருடுபோன வழக்கில், தன் பக்கம் கவனக்குறைவு இருந்தால் அந்த வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாவி கொடுக்கும் முன் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தால், டென்ட் முன்பே இருந்தது என்று அவர்கள் சொல்ல இடமிருக்காது.