பங்கு ஆடும் வீட்டு நாயும்: நாடாப்புழு விஷயத்தில் விடக்கூடாத பிழைகள்

தீபாவளி நேரத்தில் யாழ்ப்பாணத்தில் பல ஊர்களில் பங்கு ஆடு அடிப்பார்கள். பனையோலையைப் பரப்பி இறைச்சியைக் கூறு போடும் இடத்தில் நாலைந்து நாய்கள் சுற்றி நிற்கும். ஈரலில் கட்டி தெரிந்தாலோ, சுவாசப்பை பழுதாக இருந்தாலோ வெட்டி நாய்க்கு எறிந்துவிடுவார்கள். வாயில்லாச் சீவன், வீணாகப் போவதை அதுவாவது தின்னட்டும் என்ற நல்ல மனதுதான். ஆனால் நாடாப்புழு விஷயத்தில் நாம் விடுகிற பெரிய பிழை இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

காரணம் இதுதான். நாயின் சிறுகுடலில் இருக்கும் நாடாப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து புல்லிலும் மண்ணிலும் கிடக்கும். ஆடோ மாடோ மேயும்போது அவை வயிற்றுக்குள் போகும். உள்ளே பொரிக்கும் இளம்புழு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தோடு ஈரலுக்கோ சுவாசப்பைக்கோ போய் நீர்க்கட்டியாகத் தங்கிவிடும். அங்கே அது நாடாப்புழுவாக வளராது. அந்தக் கட்டியை ஒரு நாய் பச்சையாகத் தின்றால்தான் அடுத்த புழு பிறக்கும். ஆட்டின் வயிற்றுக்குள் அடைபட்டுக் கிடப்பதை எடுத்து நாயின் வாய்க்குக் கொடுப்பது பெரும்பாலும் நம்முடைய கத்திதான்.

கட்டிகளில் இரண்டைப் பார்த்து அறிந்து வைத்திருப்பது நல்லது. குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வில் மெல்லிய, கண்ணாடி போன்ற ஒரு நீர்ப்பை தொங்கும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரேயொரு வெள்ளைப் புள்ளி தெரியும். அதுதான் புழுவின் தலை. நாய்க்குள் போனால் அது சில மீற்றர் நீளமுள்ள ஒரு நாடாப்புழுவாக வளரும். மற்றது ஹைடாடிட் கட்டி. ஈரலிலோ சுவாசப்பையிலோ பதிந்து, தடித்த வெள்ளைச் சுவரோடு இறுகி இருக்கும். உள்ளே தெளிந்த நீரும், அடியில் மணல் போன்ற பொடியும் இருக்கும். அந்தப் பொடியின் ஒவ்வொரு துணிக்கையும் ஒரு புழுத்தலை. முற்றிய ஒரு கட்டியில் அப்படி ஆயிரக்கணக்கில் இருக்கலாம். இதைக் கண்டவுடன் கத்தி முனையால் குத்தி நீரை நிலத்தில் வடிய விடுவார்கள். அதுவும் கூடாது. நாய் அந்த மண்ணையே நக்கும்.

கட்டியுள்ள பாகத்தை உடைக்காமல் எடுத்து எரித்துவிடலாம். இல்லையென்றால் நாய் தோண்டி எடுக்க முடியாத ஆழத்தில், கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளிப் புதைக்கலாம். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் கொஞ்சம் வெட்டினாலே சுண்ணக்கல் முட்டும். அரை அடிக் குழியில் புதைத்தால் அன்றிரவே நாய் கிளறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எரிப்பதுதான் சரி. நாய்க்குக் குடலோ ஈரலோ போடத்தான் வேண்டுமென்றால் சிறு துண்டுகளாக வெட்டி அரைமணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்துப் போடுங்கள். மேலோட்டமாகச் சுட்டுக் கொடுப்பதால் பலனில்லை.

அடுத்தது பூச்சி மருந்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த பூச்சிக் குளிசை வீட்டில் மிஞ்சியிருந்தால் அதையே நாய்க்கும் கொடுப்பார்கள். அது வட்டப்புழுவுக்கான மருந்து. நாயின் நாடாப்புழுவுக்கு பிரசிகுவான்டெல் சேர்ந்த குளிசை வேண்டும். நாயின் நிறையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. நிறையைக் கண்மதிப்பாகச் சொல்லாமல் நிறுத்துப் பார்த்து மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மருந்து புழுவைக் கொல்லும், ஆனால் முட்டையைக் கொல்லாது. அதனால் கொடுத்த பிறகு இரண்டு மூன்று நாளைக்கு நாயைக் கட்டி வைத்து, மலத்தை அள்ளி எரிக்க வேண்டும். மருந்து கொடுத்த கையோடு நாயை ஆட்டுக் கொட்டிலடியில் அவிழ்த்துவிட்டால் முட்டைகளை அங்கேயே விதைத்ததாகிவிடும். இன்னொன்று, மருந்து உடம்பில் தங்கிக் காவல் நிற்காது. அடுத்த நாளே பச்சை ஈரல் தின்றால் மறுபடியும் புழுதான். ஹைடாடிட் புழு குடலில் வளர்ந்து முட்டை போட ஏறத்தாழ ஆறு வாரம் எடுக்கும். கழிவு தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கச் சொல்வது இதனால்தான்.

"எங்கள் நாயின் மலத்தில் ஒன்றும் தெரியவில்லை" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். நாயின் வாலடியில் அரிசிமணி போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் தெள்ளால் பரவும் நாடாப்புழுவின் துண்டு. அதனால் ஆடு மாட்டுக்குக் கேடில்லை, தெள்ளை ஒழித்தால் குறையும். ஹைடாடிட் புழுவோ முழு வளர்ச்சியிலும் சில மில்லிமீற்றர்தான். கண்ணுக்குப் பிடிபடாது. அதேபோல ஆட்டுப் புழுக்கையில் காணும் வெள்ளைத் துண்டு ஆட்டின் சொந்த நாடாப்புழு. மண்ணில் வாழும் சிறு உண்ணிகளால் வருவது. அதற்கு நாயைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆடு தலையைச் சரித்துக்கொண்டு ஒரே பக்கமாக வட்டமிட்டால் கண்ணூறு, பயந்துவிட்டது என்று நாளைக் கடத்தாதீர்கள். நாயின் ஒருவகை நாடாப்புழு ஆட்டின் மூளையில் கட்டியாக வளர்ந்து இப்படிச் செய்யும். ஆனால் லிஸ்டீரியா என்ற கிருமியாலும் ஆடு வட்டமிடும். மாட்டிலிருந்து நுளம்பு காவிவரும் இழைப்புழுவால் பின்னங்கால் இழுபடும். மருத்துவம் ஒவ்வொன்றுக்கும் வேறு. அரச கால்நடை வைத்தியரைக் கூட்டிவந்து காட்டுவதுதான் வழி.

முயல் வளர்ப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். "எங்கள் முயல் கூட்டைவிட்டு இறங்குவதேயில்லை, அதற்கு எப்படி வரும்?" என்று கேட்பார்கள். முயல் இறங்காவிட்டாலும் புல் ஏறிப் போகிறதே! வீதியோரத்தில், கட்டாக்காலி நாய்கள் படுத்தெழும்பும் இடத்தில் வெட்டிய புல்லோடு முட்டையும் கூட்டுக்குள் போகும். முயலின் ஈரலிலும் வயிற்றுச் சவ்விலும் பட்டாணி அளவில், கொத்துக் கொத்தாக நீர்க்கட்டிகள் வரும். கொஞ்சமாக இருந்தால் வெளியே தெரியாது. கூடினால் முயல் மெலியும், வயிறு ஊதும், குட்டிகள் சாகவும் கூடும். ஈரலில் வெள்ளைக் கோடும் புள்ளியும் கண்டால் கொக்சிடியா என்ற நுண்ணுயிர் நோய் என்று நாமாகவே முடிவுகட்டி மருந்து ஊற்றுவதும் பிழை. இளம்புழு துளைத்த தடமும் கொக்சிடியாவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். புல்லை நாய் நுழையாத வேலிக்குள் வளர்த்து வெட்டுங்கள். குழை என்றால் மரத்தில் உயரத்தில் முறிப்பது நல்லது. முயல் உரித்த குடலை நாய்க்குப் போடாதீர்கள்.

மனிதருக்கு வருவது பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நீர்க்கட்டி இருந்த ஆட்டின் இறைச்சியைச் சமைத்துச் சாப்பிட்டால் ஹைடாடிட் வரும் என்று நினைப்பார்கள். அப்படி வராது. நாயின் மலத்திலுள்ள முட்டை கைவழியாகவோ, கழுவாத கீரை வழியாகவோ வாய்க்குப் போனால்தான் வரும். நாயின் மயிரிலும் முட்டை ஒட்டியிருக்கும். பெரும்பாலும் ஈரலில், அடுத்ததாகச் சுவாசப்பையில், வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். கிருமிநாசினி தெளித்தால் முட்டை செத்துவிடும் என்று நம்ப வேண்டாம். கொதிநீரும் நெருப்பும்தான் அதைக் கொல்ல நம்பிக்கையான வழி. நாயோடு விளையாடிய பிள்ளை சாப்பாட்டுக்கு முன் சவர்க்காரம் போட்டுக் கைகழுவட்டும்.

இதையெல்லாம் கேட்டுப் பயந்து நாயைக் கொண்டுபோய்ச் சந்தையடியில் விடுவதும் மோசமான பிழை. இறைச்சிக்கடைக் கழிவில் பிழைக்கும் அந்த நாய் புழுவைச் சேர்த்துக்கொண்டு எல்லோருடைய வளவுக்குள்ளும் போகும். ஐஸ்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் ஹைடாடிட் நோய் மிகப் பரவலாக இருந்தது. பிரசிகுவான்டெல் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கழிவை நாய்க்கு எட்டாமல் செய்தும், இருந்த நாய்களுக்கு அந்தக் காலத்து மருந்தைக் கொடுத்தும் அங்கே ஒழித்தார்கள். வீட்டில் வைத்து, சமைத்ததைப் போட்டு, வேளைக்கு மருந்து கொடுக்கும் நாயால் ஆட்டுக்கும் முயலுக்கும் ஆபத்து மிகக் குறைவு. அடுத்த பங்குக்கு ஆடு அடிக்கும்போது மூடியுள்ள ஒரு வாளியைக் கழிவுக்கென்று பக்கத்தில் வையுங்கள். நாய்களை அன்று காலையிலேயே கட்டிவிடச் சொல்லுங்கள்.