அஸ்டெக் உலகத்தை ஒரே தாளில் வரைவது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

அஸ்டெக் பேரரசைக் காட்டும் வரைபடங்களில் பெரும்பாலானவை நடு மெக்சிகோ முழுவதற்கும் ஒரே நிறத்தைப் பூசி, நடுவில் தலைநகர் டெனோச்டிட்லான் என்று ஒரு புள்ளியை வைத்து முடித்துவிடுகின்றன. அந்தப் படத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு படிக்கத் தொடங்குபவருக்கு, பேரரசின் நடுவிலேயே பகைநாடு எப்படி இருந்தது என்பதும், தோற்ற ஊரில் பழைய அரசரே ஏன் தொடர்ந்து ஆண்டார் என்பதும் விளங்குவதில்லை. ஆகவே நிறம் பூசுவதை விட்டுவிட்டு, வட்டங்களாலும் கோடுகளாலும் ஆன படம் ஒன்றை நாமே வரைவோம். ஒரு வெள்ளைத்தாள், பென்சில், அழிப்பான், சிவப்பு, பச்சை, நீல நிறப் பேனாக்கள் ஆகியவை போதும்.

படி 1: முதலில் ஏரியை வரையுங்கள்

தாளின் நடுவில் வடக்குத் தெற்காக நீண்ட ஓர் ஏரியைப் பென்சிலால் வரையுங்கள். உண்மையில் இவை ஒன்றோடொன்று இணைந்த ஐந்து ஏரிகள். நடுவில் இருந்த டெஸ்கோகோ ஏரியின் நீர் உப்பானது. தெற்கில் இருந்த சோச்சிமில்கோ, சால்கோ ஏரிகளின் நீர் நன்னீர். அந்த நன்னீர்ப் பகுதியில் ஏரிச்சேற்றை அள்ளிக் குவித்துப் பாத்திகளாக்கிய சினாம்பா வயல்களில் ஆண்டுக்குப் பல முறை விளைச்சல் எடுத்தார்கள். சுமை இழுக்கும் விலங்கும் வண்டியும் இல்லாத அந்நாட்டில், தரைவழியில் எல்லாமே மனிதர் முதுகில்தான் போயாக வேண்டும். நீர்வழியிலோ ஒரே படகு பல ஆள் சுமையை ஏற்றிச் செல்லும். அதிகாரம் ஏன் இந்த ஏரிக்கரையில் வந்து குவிந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

படி 2: அல்டெபெட்ல்களை வட்டமிடுங்கள்

நகர அரசுக்கு அம்மக்கள் பேசிய நவாட்ல் மொழியில் வழங்கிய பெயர் அல்டெபெட்ல். நீர், மலை என்னும் இரு சொற்கள் சேர்ந்து உருவானது. ஒவ்வோர் அல்டெபெட்லுக்கும் தனக்கென ஒரு கோயிலும், சந்தையும், அரசமரபும் இருந்தன. அரசருக்கு ட்லாட்டோவானி என்று பெயர். அதன் நேர்ப்பொருள் ‘பேசுபவர்’.

ஏரியின் மேற்குக் கரையில் அஸ்கபோட்சால்கோ, அதற்குத் தெற்கே ட்லாகோபான், கிழக்கில் டெஸ்கோகோ, தெற்கில் குல்வாகான், சோச்சிமில்கோ, தென்கிழக்கில் சால்கோ என்று வட்டங்களை இடுங்கள். ஏரிக்குள் மேற்கு ஓரமாக இருந்த தீவில் இரண்டு வட்டங்கள் அடுத்தடுத்து வர வேண்டும்: தெற்கில் டெனோச்டிட்லான், வடக்கில் ட்லாடெலோல்கோ. டெனோச்டிட்லான் நிறுவப்பட்டதாக மரபு சொல்லும் ஆண்டு 1325. பள்ளத்தாக்கு முழுவதும் சுமார் 50 அல்டெபெட்ல்கள் இருந்தன. தொடக்கத்துக்கு இந்த எட்டுப் போதும்.

பெயர்கள் நாக்கில் நிற்கவில்லையென்றால், அக்காலத்து ஓவியர்களைப் போல உருவம் வரைந்துகொள்ளுங்கள். டெனோச்டிட்லானுக்குக் கல்லின்மேல் முளைத்த சப்பாத்திக்கள்ளி, அஸ்கபோட்சால்கோவுக்கு எறும்பு.

வட்டங்களைச் சுற்றி எல்லைக்கோடு போட வேண்டாம். ஓர் ஊரின் நிலங்களும் மற்றோர் ஊரின் நிலங்களும் பல இடங்களில் ஊடும் பாவுமாகக் கலந்து கிடந்தன; மக்கள் யாருக்கு வரி செலுத்தினார்கள் என்பதே முக்கியமாக இருந்தது.

படி 3: சிவப்பு மையில் மணவுறவுகள்

தீவுக்குப் பிந்தி வந்து குடியேறி டெனோச்டிட்லானை அமைத்த மெஷிகா மக்கள், தொடக்கத்தில் அஸ்கபோட்சால்கோவின் டெபானெக் இன அரசர் டெசோசோமோக்குக்குத் திறை கட்டி, அவருக்காகப் போரிட்டவர்கள். அவர்களுடைய இரண்டாம் அரசர் விட்சிலிவிட்ல் டெசோசோமோக்கின் மகளை மணந்தார். அதன்பின் திறைச்சுமை குறைந்தது. டெனோச்டிட்லானுக்கும் அஸ்கபோட்சால்கோவுக்கும் இடையே சிவப்புக்கோடு ஒன்றை இடுங்கள். டெஸ்கோகோவின் இளவரசர் நெசாவால்கோயோட்லுக்குத் தாய் மெஷிகா அரசகுலத்தவர். அங்கும் ஒரு கோடு வேண்டும்.

ஆனால் சிவப்புக்கோட்டை அமைதியின் குறியாகப் படிக்கக் கூடாது. ட்லாடெலோல்கோவின் அரசர் மோகிவிஷ், டெனோச்டிட்லான் அரசர் ஆஷாயாகாட்லின் உடன்பிறந்தாளை மணந்தவர். அவளை அவர் இழிவாக நடத்தியதும் 1473ஆம் ஆண்டுப் போருக்கு ஒரு காரணமென மெஷிகா வரலாறுகள் கூறுகின்றன. அந்தப் போரில் மோகிவிஷ் மாண்டார். ட்லாடெலோல்கோ தன் அரசமரபையே இழந்தது.

படி 4: பச்சை மையில் 1428

இந்தப் படத்தின் உயிர்நிலை இங்கேதான். டெசோசோமோக் 1426ஆம் ஆண்டு இறந்ததும் மகன்களுக்குள் பூசல் எழுந்து, மாஷ்ட்லா அரியணையைக் கைப்பற்றினார். டெனோச்டிட்லானின் புதிய அரசர் இட்ஸ்கோவாட்லும், தந்தையை டெபானெக்குகளிடம் பறிகொடுத்து நாட்டை விட்டு அலைந்த நெசாவால்கோயோட்லும் கைகோத்தார்கள். மலைக்கு அப்பாலிருந்து வெஷோட்சிங்கோ என்ற நகர அரசும் படை அனுப்பியது. 1428ஆம் ஆண்டு அஸ்கபோட்சால்கோ வீழ்ந்தது.

வென்றவர்கள் டெபானெக் நகரங்களுள் ஒன்றான ட்லாகோபானைத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். டெனோச்டிட்லான், டெஸ்கோகோ, ட்லாகோபான் மூன்றையும் பச்சை முக்கோணமாக இணையுங்கள்: இதுவே முக்கூட்டணி. ஏரியைச் சுற்றி வாழ்ந்த மெஷிகா, அகோல்வா (டெஸ்கோகோ மக்கள்), டெபானெக் என்னும் மூன்று இனத்தவருக்கும் ஆளுக்கொரு தலைநகர் கிடைத்தது. தோற்றவர்களின் ஊரொன்றையே பங்காளியாக்கியது, என் கருத்தில், போர்வெற்றியைவிடக் கூர்மையான அரசியல். பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி, திறையை ஐந்து பங்காக்கி முதல் இரு நகரங்களுக்கு இரண்டிரண்டும் ட்லாகோபானுக்கு ஒன்றும் கொடுத்தார்கள். முக்கோணத்தின் ஒரு முனை முதலிலிருந்தே மெலிந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

படி 5: நீல மையில் திறை

இனி வெளியூர்களிலிருந்து முக்கோணத்தை நோக்கி நீல அம்புகள் வர வேண்டும். பருத்தித்துணி, சோளம், போர்வீரர் உடை, பறவை இறகு என்று ஊருக்கு ஊர் திறைப்பொருள் மாறும். பசிபிக் கரையில் வெகுதொலைவிலிருந்த சோகொனோச்கோ, கொக்கோ விதைகளையும் ஜாகுவார் தோலையும் அனுப்பியது. திறை வந்துகொண்டிருந்தவரை உள்ளூர் ட்லாட்டோவானியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்து, கல்பிஷ்கி எனப்பட்ட திறை அதிகாரியை மட்டும் அங்கே அமர்த்தினார்கள். எனவே அம்பின் மறுமுனையிலும் முழுவட்டமே இருக்க வேண்டும்.

படி 6: அம்பு விடாத வட்டங்கள்

போபோகாடெபெட்ல் எரிமலைக்கு வடகிழக்கே ட்லாஷ்கலாவை வரையுங்கள். ஒரே வட்டம் போதாது. டிசாட்லான், ஒகோடெலோல்கோ, டெபெடிக்பாக், கியாவிஸ்ட்லான் என நான்கு அல்டெபெட்ல்கள் கூடி ஆண்ட நாடு அது. ‘பூப்போர்’ எனப்பட்ட சடங்குமுறைப் போர்கள் இங்கே பலமுறை நடந்தன. வேண்டுமென்றே விட்டுவைத்த எதிரி என்று மெஷிகாக்கள் பின்னாளில் சொன்னார்கள். எனக்கு அது வெல்ல முடியாததற்குச் சொன்ன சமாதானமாகவே தோன்றுகிறது. உப்பும் பருத்தியும் உள்ளே போகாதபடி சுற்றிலும் வழியடைத்ததை விளையாட்டுப்போர் என்று கொள்ள முடியவில்லை. மேற்கில் தராஸ்கன் அரசும் அம்பு விடாத வட்டமே. ஆஷாயாகாட்லின் படை அங்கே பெருந்தோல்வி கண்டது.

படி 7: அழிப்பானை எடுங்கள்

1515ஆம் ஆண்டு டெஸ்கோகோவின் அரசர் நெசாவால்பில்லி இறந்தார். அடுத்த அரசராக டெனோச்டிட்லான் அரசர் இரண்டாம் மோக்டெசூமா ஆதரித்தவர் ககாமா. அதை ஏற்காத ககாமாவின் உடன்பிறந்தான் இஷ்ட்லில்சோச்சிட்ல் படை திரட்டினார். டெஸ்கோகோ நாடு பிளவுபட்டது. பச்சை முக்கோணத்தில் டெஸ்கோகோவைத் தொடும் முனையைப் பாதியளவு அழித்துவிடுங்கள். 1519இல் ஸ்பானியர் கரையிறங்கியபோது இருந்த நிலை இதுவே.