புது மாடலைப் பார்த்ததும் நாம் செய்யும் தவறுகள்

2022 சித்திரைத் திருவிழா நேரம். மதுரை டவுன்ஹால் ரோட்டில் அக்கா வீட்டுக்கு ஐந்து ஸ்டார் ஏசி ஒன்று வாங்கினோம். ஜூலை தாண்டிப் போய்ப் பார்த்தால் அதே மாடலில் நான்கு ஸ்டார்தான் இருந்தது. "ஏமாந்துட்டோமேடா" என்று அக்காவுக்கு மனசே ஆறவில்லை.

ஏமாறவில்லை. மெஷினில் ஒரு திருகாணிகூட மாறவில்லை, மாறியது அளவுகோல். ஸ்டார் லேபிளுக்கு விதி வகுக்கும் மத்திய அரசின் பிஇஇ அமைப்பு, 2022 ஜூலை 1 முதல் ஸ்பிளிட் ஏசிக்கான வரம்பை உயர்த்தியது. செலவாகும் கரண்டுக்கு ஏசி எவ்வளவு குளிர் தருகிறது என்று காட்டுவது ஐஎஸ்இஇஆர் எண். அதுவரை அது 4.5 இருந்தாலே ஐந்து ஸ்டார், அந்த ஜூலையிலிருந்து 5.0 வேண்டியிருந்தது. அக்கா வீட்டு ஏசிக்கு 4.6. லேபிளிலேயே சின்ன எழுத்தில் அந்த எண்ணும், லேபிள் எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் இருக்கிறது. ஸ்டாரை மட்டும் எண்ணிவிட்டு அதைப் படிக்காமல் வருவதுதான் முதல் தவறு. பக்கத்திலேயே வருஷத்துக்கு இத்தனை யூனிட் என்றும் போட்டிருப்பார்கள். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு: தினம் 8 மணி நேரம் ஓட்டினால் 200 நாள். மதுரை வெயிலுக்கு உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

புதுத் தொழில்நுட்பம் வந்தால்தான் கம்பெனி மாடலை மாற்றும் என்று நினைப்பது அடுத்த தவறு. இப்படி விதி மாறினால் மாற்றியே ஆக வேண்டும். உள்ளே போகும் சிப்பை அதைத் தயாரிப்பவர் நிறுத்திவிட்டாலும் சர்க்யூட் போர்டை மாற்றித்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக் பாகங்களை வார்க்கும் அச்சு செலவு பிடித்த சமாச்சாரம். அதனால் போட்ட காசு தேறும்வரை வெளித்தோற்றத்தில் கை வைக்க யோசிப்பார்கள். பல சமயம் நிறமும் பெயரும்தான் புதுசு. "போன வருஷ மாடலுக்கும் இதுக்கும் உள்ளே என்னண்ணே வித்தியாசம்?" என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் பழைய ஸ்டாக்கை விலை பேசி எடுப்பதே நல்லது.

போனில் தேதிதான் முக்கியம். ஆப்பிள் புது ஐபோனைப் பெரும்பாலும் செப்டம்பரில் விடும். நம் ஆடித் தள்ளுபடி அதற்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. 2023 ஆடியில் ஐபோன் 14 வாங்கியவர்களுக்குப் பழைய சார்ஜிங் துளைதான் கிடைத்தது. அடுத்த மாதமே ஐபோன் 15 யுஎஸ்பி-சியோடு வந்தது. அந்த மாற்றத்துக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் முக்கியக் காரணம். 2024 டிசம்பர் கடைசிக்குள் அங்கே விற்கும் போன்களெல்லாம் மாற வேண்டும் என்று முன்பே கெடு விதித்திருந்தார்கள்.

சாஃப்ட்வேர் அப்டேட் கணக்கும் நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடாது. 2023 அக்டோபரில் வந்த கூகுளின் பிக்சல் 8 போனுக்கு ஏழு வருஷ அப்டேட் என்றால் 2030 அக்டோபர்வரைதான். இரண்டு வருஷம் கழித்து மலிவாக வாங்கினால் மிச்சம் ஐந்துதான்.

சரி, புதுசு வரட்டும் என்று காத்துக்கொண்டே இருப்பதும் சரியல்ல. கைக்குழந்தையும் வயசானவர்களும் இருக்கிற வீட்டில் கோடைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். வந்து ஒரு சீசன் ஓடிய மாடலைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். போர்டு போனால் இங்கேயே கிடைக்குமா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்று ஏசி மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரத்தில் போர்டுக்காகப் பத்து நாள் காத்திருந்த வீடு எங்கள் தெருவிலேயே இருக்கிறது.