பாரதி கவிதையைக் காதால் கேட்க

யூடியூபில் தேடும்போது 'பாரதியார் பாடல்' என்று போடாமல் 'பாரதியார் கவிதை வாசிப்பு' என்று போடுங்கள். இல்லாவிட்டால் சினிமாப் பாட்டும் கச்சேரியும்தான் முன்னால் வந்து நிற்கும். முதலில் 'அக்கினிக் குஞ்சொன்று கண்டேன்' மாதிரி சின்னதாக ஒன்று. ஒரு தடவை சும்மா கேளுங்கள், அப்புறம் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு. 'வெந்து தணிந்தது காடு' என்ற இடத்தில் வாசிப்பவர் கொஞ்சம் நிறுத்துகிறாரா, 'தத்தரிகிட தத்தரிகிட தித்தோம்' தாளம் பிசகாமல் வருகிறதா என்று கவனியுங்கள். நல்ல வாசிப்பு அங்கேதான் தெரியும். (பின்னணி இசை குரலை அமுக்கினால் தயங்காமல் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.) பாரதியின் நீண்ட கவிதையான பாஞ்சாலி சபதத்தில் 5 சருக்கங்கள் (பகுதிகள்), நாளுக்கு ஒன்றாகக் கேட்டால் அலுக்காது. வேகத்தை மட்டும் கூட்டாதீர்கள், 1.5-இல் சந்தம் செத்துப்போகும்.