ஏவுகணை வழிகாட்டல்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்கள் எழுதும் ஏவுகணை சிமுலேஷன் புரோகிராம்களை அடிக்கடி பார்க்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் இவர்களும் விழுகிறார்கள். அலகைக் குழப்புவது, குறியை மாற்றிப் போடுவது எல்லாம் ஓடவிட்டதுமே தெரிந்துவிடும், அவற்றை விடுங்கள்.

இலக்கைப் பார்த்தே மூக்கைத் திருப்புவது

அப்படித் துரத்தினால் வாலுக்குப் பின்னால்தான் சுற்ற வேண்டியிருக்கும். ஏவுகணையிலிருந்து இலக்குக்குப் போகும் பார்வைக்கோடு திரும்பாமல் நிற்கிறதா, தூரம் குறைகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் மோதல்தான். கடலில் கப்பல்கள் மோதலை முன்கூட்டியே கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

நேரத்தை 0.1, 0.1 என்று கூட்டிக்கொண்டே போவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். "அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்தோம் சார், சரியாத்தான் வருது" என்பார்கள். சரி, 32 பிட் ஃப்ளோட்டில் (கணினி தசம எண்ணை வைக்கும் ஒரு வடிவம்) 0.1ஐப் பத்து லட்சம் முறை கூட்டிப் பாருங்கள்: 1,00,000 வர வேண்டிய இடத்தில் 1,00,958 வந்து நிற்கும், ஏனென்றால் பைனரியில் 0.1ஐ முழுசாக எழுதவே முடியாது, தொகை பெரிதாகப் பெரிதாக ஒவ்வொரு கூட்டலிலும் ரவுண்ட் ஆகும் பிழையும் பெரிதாகும்.

1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் இதன் நெருங்கிய உறவுக்காரப் பிழைதான் ஆளைக் கொன்றது. அங்கிருந்த பேட்ரியாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பு 100 மணி நேரத்துக்கு மேல் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பத்தில் ஒரு நொடியாக எண்ணிய நேரத்தை 24 பிட்டில் நொடியாக மாற்றியதில் 0.34 நொடி பிசகு சேர்ந்திருந்தது. அந்த நேரத்துக்குள் ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும், ரேடாரோ தவறான இடத்தில் தேடியது, எதிர் ஏவுகணை கிளம்பவே இல்லை. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். இத்தனைக்கும் 8 மணி நேரத்திலேயே பிசகு தெரிகிறது என்று இஸ்ரேலியர்கள் இரண்டு வாரம் முன்பே சொல்லியிருந்தார்கள். களத்துக்குப் போன எச்சரிக்கையில் "மிக நீண்ட நேரம்" என்றுதான் இருந்தது, எத்தனை மணி என்று இல்லை! திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்தது மறுநாள்.

புரோகிராமின் சில இடங்களில் மட்டும் துல்லியமான மாற்றத்தைப் போட்டு, மற்ற இடங்களைப் பழையபடி விட்டிருந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். எல்லா இடத்திலும் ஒரே பிழை இருந்திருந்தால் ஒரு நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போயிருக்கும். அதனால் டிக்கை, அதாவது கடிகாரத் துடிப்பின் எண்ணிக்கையை, முழு எண்ணாகவே வையுங்கள், நொடியாக மாற்றுவதை ஒரே ஃபங்ஷனில் செய்யுங்கள், அப்புறம் இரவு முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள்.

முடுக்கமானியின் சிறு பிழையை அலட்சியப்படுத்துவது

முடுக்கத்தை அளக்கும் இந்தக் கருவியில் 0.01 மீ/வி² பிழை இருந்தால், கணக்கிடும் இடம் 1 நிமிடத்தில் 18 மீட்டர், 10 நிமிடத்தில் 1,800 மீட்டர் தள்ளிப் போகும்.

ஜி.பி.எஸ்ஸை மட்டும் நம்புவது

சிக்னலை மறிக்கும் ஜாமர் போட்டால் போச்சு.