மின்சாரத்துக்கு மாற்றிய மொன்ஸ்டர் டிரக்கில் பற்றரி பொருத்துதல்

தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும், பெரிய சக்கரங்கள் கொண்ட மாதிரி வண்டியான மொன்ஸ்டர் டிரக்கிலிருந்து நைட்ரோ இயந்திரத்தையும் (நைட்ரோமெதேன் கலந்த எரிபொருளில் ஓடுவது) எரிபொருள் தாங்கியையும் கழற்றியபின், தாங்கி இருந்த இடத்திலேயே பற்றரியை வைக்கத் தோன்றும். ஆனால், அது பெரும்பாலும் அடிச்சட்டத்தின் ஒரு பக்கத்தில் இருப்பதால், எடைமிக்க லிப்போ (லித்தியம் பொலிமர்) பற்றரியை அங்கு வைத்தால் வண்டி ஒருபுறம் சாயும். எனவே ஒரே பற்றரியாயின் நடுக்கோட்டை ஒட்டியும், இரண்டாயின் இருபுறமும் சமமாகவும், இயன்றவரை தாழ்வாகவும் வைக்க வேண்டும். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் தேயிலைச் சரிவுகளில் ஓட்டுவோர் இதில் அலட்சியம் காட்டக் கூடாது. உயரத்தில் வைத்த பற்றரி, சரிவைக் குறுக்கே கடக்கும்போதே வண்டியைக் கவிழ்த்துவிடும்.

பற்றரியைத் தாங்கும் தட்டுக்கு 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு போதும். அதன் விளிம்புகளை மேல்நோக்கி மடித்து, கூர்முனைகளை அராவி, தலை மேலெழாத திருகாணிகளால் அடிச்சட்டத்தில் இறுக்குங்கள். துருத்தி நிற்கும் ஒரு திருகாணி மென்மையான லிப்போ உறையைக் கிழித்துத் தீயை உண்டாக்கக்கூடும். தட்டின்மேல் மெல்லிய நுரைப்பஞ்சை ஒட்டி, பற்றரியை இரண்டு வெல்க்ரோ பட்டிகளால் கட்டுங்கள். ஒரு பட்டி போதும் என்பவர்கள் சமதரையில் மட்டும் ஓட்டுபவர்களாக இருக்க வேண்டும்.

கம்பிகள் பற்சக்கரத்தையும் சுழல்தண்டையும் தொடாதவாறு கட்டப்பட வேண்டும். மோட்டாரின் வேகத்தை ஆளும் வேகக் கட்டுப்படுத்தியில், பற்றரி அளவுமீறி வடியுமுன் மின்னை நிறுத்தும் மின்னழுத்த வெட்டு எல்லையைக் கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3.3 வோல்ற்றில் வையுங்கள். குளிர்ந்த காலையில் லிப்போவின் உள்தடை கூடி வலு குறையுமாதலால், ஓட்டும்வரை பற்றரியை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது.