ஒன்பதாவது குழிக்குப் பிறகு: கோல்ஃப் இடைவேளையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வந்தவரைக் கை நனைக்காமல் அனுப்பினால் திருநெல்வேலிச் சீமையில் அது பெரிய குறை. அந்த உபசாரத்தை நாம் கோல்ஃப் மைதானத்துக்கும் கொண்டுபோகிறோம். பாளையங்கோட்டையிலிருந்து விடியுமுன் கார் எடுத்து நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஆடப் போகிறவர்களும், முந்தின நாளே கிளம்பிக் கொடைக்கானல் ஏறுகிறவர்களும் கையில் ஏதாவது பலகாரம் இல்லாமல் புறப்படுவது அபூர்வம். சேர்ந்து சாப்பிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பதினெட்டுக் குழி ஆட்டத்தில் பாதியான ஒன்பது குழி முடிந்து உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மறந்தால், பின்னால் வருகிற அத்தனை பேருடைய காலைப் பொழுதும் வீணாகிறது.

நடுவில் நிற்கவே கூடாது என்று சிலர் நம்புகிறார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. ஆட்டத்தை நியாயமின்றித் தாமதப்படுத்தக் கூடாது என்பது கோல்ஃப் விதி 5.6. சாப்பிடவோ குடிக்கவோ ஏதாவது வாங்குவதற்காக கிளப் ஹவுஸிலோ, பாதி வழியில் உள்ள சிற்றுண்டி இடமான ஹாஃப்வே ஹவுஸிலோ சற்று நேரம் நிற்பது நியாயமானதே என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. போட்டியை நடத்துபவர்கள் அனுமதிக்காதபோது சில நிமிடங்களுக்கு மேல் நின்றால் அது நியாயமற்ற தாமதம். மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்ட்ரோக் பிளேயில் முதல் முறைக்கு 1 ஸ்ட்ரோக் (அடி), இரண்டாம் முறைக்கு 2 ஸ்ட்ரோக் தண்டனை. மூன்றாம் முறை ஆட்டத்திலிருந்தே நீக்கம்.

நண்பர்களுக்குள் ஆடும்போது யாரும் தண்டனை போடப் போவதில்லை. அதனால்தான் அங்கே அதிகக் கவனம் தேவை.

தாமதம் எப்படிப் பெருகுகிறது என்று பலரும் யோசிப்பதில்லை. எட்டு நிமிடத்துக்கு ஒரு குழு புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாக் குழுவும் பத்து நிமிடம் நின்றால் ஒரு கெடுதலும் இல்லை. அவரவர் ஆட்டம் பத்து நிமிடம் நீளும், குழுக்களுக்கு இடையிலான எட்டு நிமிடம் அப்படியே இருக்கும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் கிளம்ப, ஒரு குழு மட்டும் முப்பது நிமிடம் உட்கார்ந்தால்தான் வினை. பின்னால் வந்த இரண்டு குழு இடைவேளையை முடித்துக் காத்து நிற்கும், மூன்றாவதும் வந்து உட்கார்ந்திருக்கும். பத்தாவது குழி பார் 3 ஆக, அதாவது மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குட்டைக் குழியாக இருந்தால் இன்னும் மோசம். அங்கே முன்குழு கிரீனை (குழியைச் சுற்றிய புல்தரையை) விட்டு இறங்கும்வரை அடுத்தவர் அடிக்க முடியாது. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு வரிசையால், அடுத்த பந்திக்கு இலை போட முடியாமல் போவது மாதிரிதான் இது. ஆகவே எத்தனை நிமிடம் நிற்கிறோம் என்பதை விட, மற்றவர்கள் நிற்கிற அளவுக்குத்தான் நாமும் நிற்கிறோமா என்பதைப் பாருங்கள்.

திருவனந்தபுரம் போல ஒன்பது குழி மட்டுமே உள்ள மைதானத்தில் நம்மவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் உண்டு. பதினெட்டு ஆட வேண்டுமானால் அதே ஒன்பதை இரண்டாம் சுற்று ஆட வேண்டும். அப்போதுதான் வந்து தொடங்குகிறவர்களுக்கும் முதல் குழியின் டீ பாக்ஸ்தான் (முதல் அடி அடிக்கும் இடம்). நீங்கள் தேநீர் குடித்துவிட்டு வரும்போது அங்கே வேறு குழு தயாராக நிற்கலாம். "நாங்கள் பாதி ஆடிவிட்டோம்" என்று உரிமை கொண்டாடுவது அநாகரிகம். உட்காருவதற்கு முன்பே, குழுக்களை வரிசைப்படி அனுப்புகிற ஸ்டார்ட்டரிடம் போய், அடுத்து எத்தனை மணிக்கு இடம் கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். அவர் சொல்லும் நேரம்தான் உங்கள் இடைவேளையின் அளவு.

ஒன்பதாவதை முடித்த பிறகு என்ன சாப்பிடலாம் என்று யோசிக்கத் தொடங்குவது இன்னொரு பெரிய தவறு. நால்வரும் மேசையில் அமர்ந்து, ஒருவர் ஆம்லெட் கேட்டு, மற்றொருவர் வெங்காயம் வேண்டாம் என்று சொல்லி, சமையல்காரர் அதற்குப் பிறகு அடுப்பைப் பற்றவைத்தால் இருபது நிமிடம் போய்விடும். எட்டாவது குழி முடிந்ததுமே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அந்த வசதி இல்லாத இடத்தில், ஏற்கெனவே செய்து வைத்திருப்பதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கேடிக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். காலையிலிருந்து பையைத் தூக்கி நடந்தவர் அவர். நீங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு அவருக்குத் தேநீர் வந்தால், ஒன்று அவர் அதை அவசரமாக விழுங்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் காத்திருக்க வேண்டும். முதலாவது இரக்கமற்ற செயல்.

தாகத்தை ஒன்பதாவது குழிவரை ஒத்திப்போடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்குப் பழகியவர்கள் தண்ணீரைப் பற்றி அலட்சியமாக இருந்துவிடுகிறோம். வியர்வையோடு உப்பும் வெளியேறுகிறது. உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் பையில் இருந்தால், ஒவ்வொரு டீ பாக்ஸிலும் முறை வரும்வரை இரண்டு மிடறு குடிக்கலாம். அதற்கென்று ஒரு நிமிடம்கூடத் தனியாகச் செலவாகாது. அப்படிக் குடித்துவந்தவர் இடைவேளையில் சோர்ந்து சாய மாட்டார்.

அல்வா பற்றியும் சொல்லியாக வேண்டும். இலையைப் பிரித்ததும் விரலிடுக்கில் வழிகிற அந்த நெய், காகிதத்தில் துடைத்தால் போவதில்லை. அதே கையால் கிளப்பை (கோல்ஃப் மட்டையை) பிடித்தால் பிடிமானம் வழுக்கும், நெய் கிரிப்பின் ரப்பரிலும் ஏறிவிடும். பிறகு ஈரத் துணி தேடி, கையைத் துடைத்து, கிரிப்பைத் துடைத்து என்று பத்தாவது டீ பாக்ஸிலும் நேரம் போகும். அல்வாவைப் பதினெட்டாவது முடிந்த பிறகு பிரியுங்கள். நடுவில் வாழைப்பழம், வேர்க்கடலை, கடலை மிட்டாய் போதும். வயிறு நிறையப் பூரியோ பொங்கலோ சாப்பிட்டவருக்கு அடுத்த மூன்று குழியும் மந்தமாகவே போகும். மதுவும் அப்படித்தான், ஆட்டம் முடியட்டும்.

இழந்த நேரத்தை ஓட்டமாக ஓடி ஈடுகட்ட முயல்வது கடைசித் தவறு. ஓடினால் மூச்சு வாங்கும், பந்து புதருக்குள் போகும், தேடுவதில் இன்னும் தாமதம். 2019ஆம் ஆண்டு விதி மாற்றத்திலிருந்து பந்தைத் தேட 3 நிமிடம்தான். தொலைந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்த உடனே, முன்னால் போய்த் தேடுவதற்கு முன், புரொவிஷனல் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆடுவதற்கான மாற்றுப் பந்து) ஒன்றை அடித்துவிடுங்கள். தடையின்றி ஆடும் நிலை வந்தபின் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 40 விநாடிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பது விதிநூலின் பரிந்துரை. ஸ்ட்ரோக் பிளேயில், ஆபத்து இல்லாதபோது, தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம். யார் பந்து குழிக்குத் தொலைவில் என்று தூரம் அளந்து முறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஸ்கோர் எழுதுவதையும் அடுத்த டீ பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னால் வருகிற இருவருக்கு நிற்கும் எண்ணமே இல்லை என்று தெரிந்தால், நீங்கள் எழுந்து போய் வரிசையைப் பிடிக்க வேண்டாம். அவர்களை முன்னே போகச் சொல்லுங்கள். அவர்கள் அடித்து நடந்து தூரம் போவதற்குள் உங்கள் கேடியும் தேநீரைக் குடித்து முடித்திருப்பார்.